கத்தரிப் பாத்தியைக் கத்திரி வெயிலிடம் கொடுங்கள்

ஐயா, வணக்கம்.

திருநகரில் இந்த வீட்டுக்குக் குடிவந்து 22 வருடமாகிறது. கொல்லையில் இரண்டு பாத்தி. கத்தரி, தக்காளி, மிளகாய் தவறாமல் போடுவேன். மூன்று வருடமாகச் செடி முழங்கால் உயரத்தோடு நின்றுவிடுகிறது. மத்தியானம் துவண்டு சாயங்காலம் நிமிர்கிறது. தொழு உரம் போட்டும் பார்த்தாச்சு. மாசி பிறந்துவிட்டது. நாற்று வாங்கி நடட்டுமா, ஆடிப்பட்டம் வரை பொறுக்கட்டுமா?

ஒரு வாசகி, திருநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

நாற்று வாங்க வேண்டாம். முதலில் நிற்கிற செடியில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வெடுக்கென்று இழுத்தால் வேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். தண்ணீர் விட்டு ஊறியபின் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். கடுகும் மிளகும் கோத்ததுபோல வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் இருந்து வேருக்குள் புகும் புழு. தட்டாம்பயறு வேரிலும் முடிச்சு உண்டு; அது நகம் பட்டால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது செடிக்கு நல்லது. இதுவோ வேரே வீங்கியது, உதிராது. வீங்கிய வேரால் தண்ணீரை ஒழுங்காக மேலே ஏற்ற முடியாது. மத்தியானத் துவளல் அதனால்தான். என் வீட்டிலும் இதே கதை. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று பல வருடம் நம்பியிருந்தேன், ஒரு தக்காளி வேரை அலசிப் பார்க்கும்வரை. சந்தேகமிருந்தால் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் வேரைக் காட்டிக் கேளுங்கள்.

நீங்கள் போடும் மூன்றும் ஒரே குடும்பம். அந்தப் புழுவுக்கு வருடா வருடம் இலை போட்டுப் பரிமாறியிருக்கிறோம். மாற்றுப்பயிர் என்று வெண்டையும் பாகலும் போட்டாலும் அது விடாது.

இந்த மாசியில் இரண்டு பாத்தி முழுக்கக் கேந்திப்பூ (செண்டுமல்லி) விதையுங்கள், ஒரு சாண் இடைவெளியில். அதன் வேரில் ஊறுவது நூற்புழுவுக்கு ஆகாது. ஓரத்தில் நாலு செடி வைத்தால் பலனில்லை. களையையும் விட்டுவைக்கக் கூடாது. புழு அதில் பிழைத்துக்கொள்ளும்.

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியதும் செடியை வெட்டி மண்ணிலேயே மடக்கிக் கொத்துங்கள். அப்புறம் கத்திரி வெயில் பார்த்துக்கொள்ளும். கட்டி உடைத்துச் சமன் செய்து, ஓரடி ஆழம் ஊறத் தண்ணீர் பாய்ச்சி, நிறமில்லாத பாலிதீன் ஷீட்டை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரமெல்லாம் மண் போட்டு மூடுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம். சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். ஈர மண்ணில்தான் சூடு இறங்கும். நாலிலிருந்து ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும். நாம் எல்லோரும் சபிக்கிற மதுரை வெயிலை இந்த ஒரு வேலைக்காக நான் காத்திருந்து வரவேற்கிறேன். மர நிழல் விழும் பாத்தியில் பலிக்காது. ஆழத்தில் கிடக்கும் புழு தப்பிவிடும் என்பதால், பிறகு ஆழக் கொத்தாதீர்கள். அடியோடு ஒழியாது, ஆனால் ஆடியில் வைக்கிற செடி தலையெடுக்கும்.

அதுவரை சமையலுக்குச் சாக்கில் இரண்டு கத்தரி வையுங்கள். புதுச் செம்மண்ணும் தொழு உரமும் போதும்; பழைய பாத்தி மண் ஒரு கைப்பிடிகூடச் சேரக் கூடாது. தக்காளி வேண்டாம், பங்குனிக்கு மேல் நம் சூட்டில் பூ கொட்டிவிடும்.

ஆடியில் ஒரு பாத்தியில் மட்டும் கத்தரி, குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கோடு. மற்றதில் திரும்பவும் கேந்தி. நாற்று வாங்கும்போது ஒன்றின் வேரையாவது அலசிப் பார்த்து வாங்குங்கள். இப்போது பிடுங்கும் செடிகளை எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். வேரோடு மொட்டைமாடியில் காயப்போட்டு எரித்துவிடுங்கள்.