வாசகர் கேள்வி பதில்: அமெரிக்கா ஜோனும் செம்மண்டலம் மனையும்

கேள்வி: அமெரிக்கால இருக்கற எங்க அண்ணன் ஷேர் வித்த லாபத்த ‘ஆப்பர்ச்சூனிட்டி ஜோன்’ல போடறாராம், ஏழைங்க ஏரியாவுல முதலீடு பண்ணா வரியே இல்லயாம். நான் செம்மண்டலத்துல மனை வித்து பணம் வெச்சிருக்கேன், அதையும் அனுப்புன்றாரு. அனுப்பலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வரிக்காகன்னா அனுப்பாதீங்கம்மா. அது அமெரிக்க வரிக்கு அமெரிக்கா குடுக்கற சலுகை, உங்க மனை லாபத்துக்கு வரி கேக்கறது நம்மூர் இன்கம்டாக்ஸ், அங்க போட்டேன்னு சொன்னா இங்க ஒரு பைசா குறையாது. அண்ணனுக்கு லாபம்தான், ஆனா ‘வரியே இல்ல’ன்றது பாதி உண்மை. 2017 டிசம்பர்ல டிரம்ப் கையெழுத்து போட்ட சட்டம் அது. ஷேர் லாபத்த 180 நாளுக்குள்ள அதுக்குன்னே இருக்கற ஃபண்டுல போட்டா அதுக்கான வரி தள்ளித்தான் போவும், தள்ளுபடி ஆவாது. 2026 முடியறதுக்குள்ள போட்டவங்களுக்கு அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும்தான் வரி தள்ளிப்போவும், 2027ல இருந்து போட்டா அஞ்சு வருஷம் டைம். பெரிய லட்டு எதுன்னா 10 வருஷம் எடுக்காம விட்டா அந்த ஃபண்டுல வளர்ற லாபத்துக்கு ஃபெடரல் வரி, அதாவது அவங்க மத்திய அரசு வரி கெடையாது. அப்பறம் என்ன, வெல ஏறப்போற எடமா பாத்து அபார்ட்மென்ட்டும் ஓட்டலும் கட்றாங்க, குடியிருக்கற ஏழைக்கு என்ன கெடச்சுதுன்னு அங்கயே சண்ட போயிட்டு இருக்கு.

நீங்க பாக்க வேண்டியது வேற. மனை ரெண்டு வருஷத்துக்கு மேல உங்க பேர்ல இருந்துச்சுன்னா, வித்த 6 மாசத்துக்குள்ள ஆர்ஈசி, பிஎஃப்சி மாதிரி மத்திய அரசு கம்பெனிங்க வெளியிடற கேப்பிடல் கெயின் பாண்டுல 50 லட்சம் வரைக்கும் போடலாம், போட்ட அளவுக்கு லாபத்துக்கு வரி வராது, ஆனா 5 வருஷம் கைய வெக்க முடியாது, வட்டிக்கு வரி உண்டு. பத்திரத்துல தேதிய பாத்துட்டு இந்த வாரமே ஆடிட்டர போய் பாருங்க, அண்ணன்கிட்ட அப்பறம் பேசிக்கலாம்.

கேள்வி: பின்தங்கின ஊருக்கு இப்படி வரிச்சலுகை நம்ம பக்கம் ஏன் குடுக்க மாட்டேன்றாங்க?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: குடுத்தாங்களே சார், உங்க ஊருக்கே! வருமான வரிச் சட்டம் 80-ஐபி பிரிவுல, தொழில்ல பின்தங்கின மாநிலங்கன்னு ஒரு பட்டியல் போட்டாங்க, அசாம், இமாச்சல், கோவா வரிசையில பாண்டியும் இருந்துச்சு. புதுசா தொழிற்சாலை போட்டா மொத 5 வருஷம் லாபத்துக்கு 100 சதவீதம் விலக்கு, அப்பறம் 5 வருஷம் கம்பெனிக்கு 30 சதவீதம். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கம் மெட்ராஸ் முதலாளிங்க ஷெட் போட்டதுக்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு அந்த சட்டத்துல புடிச்சது ஒண்ணு, கரன்ட்ல ஓடற யூனிட்டுன்னா 10 தொழிலாளி, கரன்ட் இல்லன்னா 20 பேர் இருந்தாதான் சலுகைன்னு கண்டிஷன் வெச்சிருந்தாங்க, அமெரிக்கா ஜோன்ல அப்படி ஆள் கணக்கு எதுவும் கேக்கறதில்ல. ஆனா 2004 மார்ச் 31க்குள்ள உற்பத்தி ஆரம்பிச்சவங்களோட பாண்டிக்கு அது முடிஞ்சுது.