புகையானும் பக்கத்து வயலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வேளாண் பூச்சியியலில் முதுகலை முடித்து, நெல்லில் நீடித்த வேளாண்மை குறித்த முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். தஞ்சைப் பகுதியில் ஒரு விவசாயியின் வயலில் சிறு பாத்திகள் பிரித்து, பூச்சிக்கொல்லி தெளித்தவற்றையும் தெளிக்காதவற்றையும் ஒப்பிட்டேன். பக்கத்து வயல்காரர் மருந்தடித்ததும் என் கணக்கெல்லாம் குழம்பிவிட்டது. அடுத்த பருவத்தில் ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளேயே பாத்தி போட்டுவிடு என்கிறார்கள் உடன் பயில்பவர்கள். மூன்றாண்டுகளில் முடித்தாக வேண்டும். தங்கள் கருத்து என்ன?

ச.

அன்புள்ள ச.,

நிலையத்துக்குள் போகாதீர்கள். கணக்கைக் குழப்பிய அந்த வயல்காரரையும் ஆய்வுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாத்திக்கு எந்த நேர்த்தி (சோதித்துப் பார்க்கும் மருந்து, உரம் போன்றவை) என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் ஒழுங்கை வகுத்தவர், 1919இல் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர். உர ஆய்வுக்கு அது மிகப் பொருத்தமான முறை. மண்ணில் இட்ட மணிச்சத்து பெரும்பாலும் இட்ட இடத்திலேயே இருக்கும். பூச்சிகளைத் தின்னும் சிலந்தி அப்படி ஓரிடத்தில் இருக்காது. நம் ஆய்வு மாணவர்கள் ஃபிஷரின் கணக்கை நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். எந்த உயிர் எவ்வளவு தூரம் நகரும், அதற்கு எவ்வளவு பெரிய பரப்பைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை.

உங்களைப் போலவே ஆய்வு மாணவராக இருந்த பீட்டர் கென்மோர், 1970களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் நெல்வயல்களில், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானைத்தான் எண்ணினார். மருந்து தெளித்த வயலில் புகையான் குறையவில்லை, பெருகியது. அது தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள் செருகி வைப்பதால் தெளிப்பு அவற்றை எட்டுவதில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும்போது, அவற்றைத் தின்றிருக்க வேண்டிய ஓநாய்ச் சிலந்திகளும் முட்டைகளை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும் முன்பே மடிந்திருக்கும். 1986இல் இந்தோனேசிய அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடைசெய்ததற்கும், பின்னர் பூச்சிக்கொல்லி மானியத்தை நிறுத்தியதற்கும், 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கியதற்கும் இவ்வகை ஆய்வுகளே அடிப்படை. அப்பள்ளிகளில் விவசாயிகள் ஒரு புகையானையும் ஒரு சிலந்தியையும் கண்ணாடிக் குவளையில் விட்டு, எது எதைத் தின்கிறது என்று தாங்களே பார்த்துக்கொண்டார்கள். (எத்தனை விழுக்காடு பூச்சி செத்தது என்ற அட்டவணையோடு முடிந்துவிடும் ஆய்வேடுகளைப் படித்துச் சலித்த எனக்கு அந்தக் குவளையின் மீது தனி மரியாதை உண்டு.)

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது, அதற்குப் பின் ஜாவாவில் நடந்த ஆய்வு. பூச்சி வருவதற்கு முன்பே சிலந்திகள் வயலில் பெருகுவது எப்படி என்று தேடியவர்கள், நடவுக்குப் பிந்தைய வாரங்களில் அவை மட்கிய பொருளை உண்டு வாழும் வால்குதிப் பூச்சிகளையும், தண்ணீரிலிருந்து எழும் கடிக்காத சிறு கொசுக்களையும் தின்று வளர்வதைக் கண்டார்கள். ஆனால் பெரும் பரப்பு ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் அறுத்து, நீண்ட நாள் காய்ந்து கிடக்கும் இடங்களில் சிலந்திகள் வந்து சேரத் தாமதமாயிற்று. வரப்புக்குள் நின்று பார்த்தால் இது புலப்படாது.

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே உளுந்து விதைத்த வயல்கள் உண்டு. மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை வெறுமனே கிடப்பவையும் உண்டு. இவ்விரண்டையும் அடுத்துள்ள வயல்களில் நட்ட மூன்றாம் வாரத்தில் சிலந்திகள் எத்தனை? உங்கள் ஆய்வுக் கேள்வி இதுவாகவே இருக்கலாம். ஒரே ஆயக்கட்டில் (ஒரே பாசனப் பரப்பில்) பல வயல்களைத் தேர்ந்துகொண்டு, முதல் பருவத்தில் எந்த நேர்த்தியும் செய்யாமல் எண்ணிக்கை மட்டும் எடுங்கள். இலை நுனியில் தேடாமல், நெற்குத்தின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே பாருங்கள். வரப்பையும் வாய்க்கால் கரையையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாண்டில் உங்களுக்குக் கிடைப்பது அதிகம் போனால் மூன்று சம்பா என்பதால், ஒன்றை இப்படிச் செலவிடுவதற்கு வழிகாட்டி தயங்கலாம். அப்போது, ஏற்கெனவே குழம்பிய கணக்கைத் தூக்கி எறியாமல், தெளித்த நாளுக்கு முன்னும் பின்னும் எனப் பிரித்து வரைந்து அவரிடம் காட்டுங்கள்.

அதற்கு அந்த வயல்காரரின் உதவி வேண்டும். என்ன மருந்து, எந்தத் தேதி, டேங்குக்கு எத்தனை மில்லி என்று இந்த வாரமே போய்க் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கலந்து கொடுத்தது என்று அவர் சொன்னால், காலி பாட்டில்களின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.