டிராலியில் என்ன இருக்கிறது? சூப்பர் மார்க்கெட் பங்குகள் பற்றி வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

சில்லறை வணிகப் பங்குகள் பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் முக்கால்வாசி டிமார்ட் சூப்பர் மார்க்கெட் பற்றித்தான், அதாவது அதை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் பற்றி. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். என்னிடம் இந்தப் பங்கு கிடையாது. வாங்கச் சொல்வதோ விற்கச் சொல்வதோ என் வேலையில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

காட்பாடி வாசகி: சம்பளம் வந்த முதல் ஞாயிறு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் உள்ளே கால் வைக்க இடமில்லை. பில் போட முக்கால் மணி நேரம் ஆகிறது. இவ்வளவு கூட்டம் வருகிற கம்பெனியின் பங்கை வாங்கினால் லாபம் நிச்சயம்தானே சார்?

அம்மா, வரிசையில் நிற்கிற அந்த முக்கால் மணி நேரத்தில் ஒன்று செய்யுங்கள். முன்னால் நிற்பவரின் டிராலிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை மட்டும் இருந்தால் அந்த பில்லில் கடைக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. அதே டிராலியில் ஒரு பெட்ஷீட், நாலு பிளாஸ்டிக் டப்பா, பையனுக்கு ஒரு டி-ஷர்ட், ஒரு பிரஷர் குக்கர் இருந்தால் கணக்கே வேறு. மளிகை ஆளைக் கடைக்குள் கொண்டுவருகிறது, துணியும் பாத்திரமும்தான் லாபத்தைக் கொண்டுவருகின்றன. டிமார்ட் விற்பனையில் இந்தத் துணி, வீட்டுச் சாமான் வகையின் பங்கு கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் 27 சதவீதத்துக்கு மேல் இருந்தது. சமீப ஆண்டுகளில் 22, 23 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. கூட்டம் குறையவில்லை, டிராலி மாறியிருக்கிறது.

மொத்தக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். 2024-25-ல் அந்த நிறுவனத்தின் மொத்த வருமானம் சுமார் 59,358 கோடி ரூபாய், நிகர லாபம் சுமார் 2,707 கோடி. நீங்கள் நூறு ரூபாய்க்கு வாங்கினால் அவர்கள் கையில் கடைசியாக நிற்பது நாலரை ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு வருமானம் 50,789 கோடி, லாபம் 2,536 கோடி. விற்பனை 17 சதவீதம் ஏறியும் லாபம் 7 சதவீதத்தை எட்டவில்லை. வாசலில் நின்று கூட்டத்தை எண்ணினால் இது தெரியவே தெரியாது.

ஆம்பூர், தோல் கம்பெனிக் கணக்காளர்: ஆண்டறிக்கையை இறக்கி வைத்திருக்கிறேன். முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. எந்த எண்ணை முதலில் பார்ப்பது?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. பலர் விலையை மட்டும் கேட்கிறார்கள், நீங்கள் அறிக்கையைத் திறந்திருக்கிறீர்கள்.

என் அப்பா வேலூர் மண்டி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை. துவரம்பருப்பு மூட்டை வந்து இறங்கியதும் சாக்கின் மூலையில் நீலப் பென்சிலால் தேதியைப் போட்டுவிடுவார். சாயங்காலம் கடை கட்டுவதற்கு முன் மூட்டை வரிசையின் ஓரமாகக் குனிந்து நடந்து பழைய தேதிகளைப் பார்த்துக்கொண்டே போவார். ஒரு மாதத்தைத் தாண்டிய தேதி கண்ணில் பட்டால் முதலாளியிடம் போய் நிற்பார். இந்த மாதம் என்ன லாபம் என்று அவர் முதலில் கேட்டதே இல்லை. சரக்கு எத்தனை நாளில் காசாகிறது என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. எந்த நாட்டு சூப்பர் மார்க்கெட்டாக இருந்தாலும் நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

கையிருப்புச் சரக்கின் மதிப்பை ஓராண்டில் விற்ற பொருள்களின் கொள்முதல் விலையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். டிமார்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வரும். அடுத்து, சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கியை இதேபோல் நாளாக மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாள் என்று வரும். மற்ற பெரிய கடைகள் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்போது இவர்கள் சீக்கிரம் பணம் கொடுத்து அதற்காக விலையில் தள்ளுபடி வாங்குகிறார்கள். மண்டியில் ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும். அதே வித்தைதான் இது, அளவு மட்டும் பெரியது.

அப்புறம் பழைய கடைகளின் வளர்ச்சி. 2024 மார்ச்சில் 365 கடைகள், 2025 மார்ச்சில் 415. ஐம்பது கடை புதிதாகத் திறந்தால் மொத்த விற்பனை ஏறத்தான் செய்யும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. திறந்து இரண்டு வருடம் நிறைந்த கடைகளில் மட்டும் விற்பனை எவ்வளவு ஏறியது என்று தனியாகப் போட்டிருப்பார்கள். 2023-24-ல் அது 9.9 சதவீதம், 2024-25-ல் 8.4 சதவீதம். இதிலிருந்து விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால்தான் உண்மையில் எவ்வளவு சரக்கு கூடுதலாக விற்றது என்பது புரியும்.

மூன்றாவது, முதலுக்கு என்ன கிடைக்கிறது என்பது. 2024-25 கணக்கில் பங்குதாரர்களின் நூறு ரூபாய்க்கு ஆண்டு லாபம் சுமார் 13 ரூபாய். மோசமில்லை. ஆனால் சந்தை இந்தப் பங்குக்குக் கொடுக்கிற விலையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

கணக்காளர் என்பதால் இன்னொன்றும் உங்களிடம் சொல்கிறேன். கம்பெனிகள் சூப்பர் மார்க்கெட்டுக்குத் தருகிற ஊக்கத்தொகை, அலமாரி இடத்துக்கான பணம் ஆகியவை எந்தக் காலாண்டில் வருமானமாக ஏறுகின்றன என்று பாருங்கள். இங்கிலாந்தின் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டில் 2014-ல் வெடித்தது இதுதான். சப்ளையர் தர வேண்டிய பணத்தை முன்கூட்டியே வருமானமாக எழுதியதில் லாபம் சுமார் 26 கோடி பவுண்டு கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது. அமெரிக்காவின் பெரிய முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே அதில் முதலீடு செய்து, நஷ்டத்தில் விற்று, பெரிய தவறு செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அலமாரியில் சரக்கு பளபளவென்று அடுக்கியிருந்தது, கோளாறு நோட்டில் இருந்தது.

சத்துவாச்சாரி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: 2021 தீபாவளிக்கு முன் 5,500 ரூபாய் விலையில் டிமார்ட் வாங்கினேன். நல்ல கம்பெனி என்று எல்லோரும் சொன்னார்கள். இன்றுவரை அந்த விலை திரும்பவில்லை. கம்பெனியில் ஏதாவது கோளாறா?

கம்பெனியில் கோளாறு இல்லை சார். நீங்கள் கொடுத்த விலையில்தான் சிக்கல். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும், ஆனாலும் இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

2021-22-ல் நிறுவனத்தின் வருமானம் சுமார் 30,976 கோடி, லாபம் சுமார் 1,492 கோடி. மூன்று வருடத்தில் வருமானம் கிட்டத்தட்ட இரட்டித்துவிட்டது, லாபம் 80 சதவீதம் ஏறிவிட்டது. நீங்கள் நினைத்தபடியே வியாபாரம் நடந்திருக்கிறது. ஆனால் நீங்கள் வாங்கிய சமயத்தில், ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்குச் சந்தை 200 ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த பல வருட வளர்ச்சிக்கான பணத்தை அன்றைக்கே கட்டிவிட்டீர்கள். 2017 மார்ச்சில் 299 ரூபாய்க்கு இதே பங்கை முதல் பொது வெளியீட்டில் பெற்றவர்களுக்குக் கிடைத்தது வேறு அனுபவம். கம்பெனி ஒன்றுதான், விலை வேறு.

இனி என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். 2024-25-ல் ஒரு பங்குக்கான லாபம் சுமார் 42 ரூபாய். விலை 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து வருடமும் லாபம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறினால் 42 என்பது 170 ஆகும். அப்போது சந்தை அந்த லாபத்தைப் போல் 40 மடங்கு விலை கொடுத்தால் (நாற்பதே தாராளமான விலைதான்) பங்கு 6,800. பத்து வருடத்தில் 4,000 என்பது 6,800 ஆனால் வருடத்துக்கு ஐந்தரை சதவீதம்கூட இல்லை. தபால் ஆபீஸ் டெபாசிட்டே இதைவிட நன்றாகத் தரும். லாபம் 20 சதவீதம் ஏறினால் உங்களுக்கு வருடம் பத்து சதவீதம் கிடைக்கும். ஆக, இந்த விலையில் நியாயமான பலன் வேண்டுமென்றால் பத்து வருடம் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் 20 சதவீத வளர்ச்சி வர வேண்டும். அது நடக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் வைத்திருங்கள். நம்பிக்கை இல்லையென்றால், 5,500 திரும்ப வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது பங்குக்குத் தெரியாது.

குடியாத்தம், மளிகைக் கடை உரிமையாளர்: முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பெரிய கடைகள் எங்களை விழுங்கிவிடுமா? அப்படியானால் கடையை மூடிவிட்டு அவர்கள் பங்கையே வாங்கிவிடலாமா என்று மகன் கேட்கிறான்.

அண்ணே, உங்கள் மகன் கேட்டது தமாஷாக இருக்கலாம், நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய கடைகள் எல்லாம் ஜெயிக்கும் என்று யார் சொன்னது? சுபிக்‌ஷா ஞாபகம் இருக்கும். 1997-ல் சென்னையில் ஆரம்பித்து, சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்து, 2009 தொடக்கத்தில் ஷட்டரை இறக்கியது. கடன் வாங்கிக் கடை மேல் கடையாகத் திறந்தார்கள். கையில் ரொக்கம் தீர்ந்தபோது சம்பளம், வாடகை, சரக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. பிக் பஜார் நடத்திய ஃபியூச்சர் ரீடெயில் கதை இன்னும் கசப்பானது. வாடகை பாக்கி ஏறி, பல கடைகளின் குத்தகை ரிலையன்ஸ் கைக்கு மாறி, 2022 பிப்ரவரியில் கடைகளே போய்விட்டன. அந்தப் பங்கை வைத்திருந்தவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. டிமார்ட் பெரும்பாலும் சொந்த இடத்திலோ நீண்ட குத்தகையிலோ கடை போடுவதன் அருமை இங்கேதான் தெரியும். முதல் அதிகம் முடங்கும், கடை மெதுவாகத்தான் திறக்கும், ஆனால் கட்டடச் சொந்தக்காரர் வாடகை பாக்கிக்காக வந்து பூட்டுப் போட முடியாது.

அவர்களுக்கும் போட்டி இருக்கிறது. 2024 அக்டோபரில் காலாண்டு முடிவு வந்த பிறகு அடுத்த வணிக நாளில் டிமார்ட் பங்கு ஒரே நாளில் எட்டு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. பெருநகரக் கடைகளில் ஆன்லைன் மளிகையின் தாக்கம் தெரிகிறது என்று நிர்வாகமே சொன்னது. பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வீட்டு வாசலுக்கு வந்தால் ஆட்டோ பிடித்துப் போய் யார் வரிசையில் நிற்பார்கள்? உங்களுக்கும் அவர்களுக்கும் இப்போது எதிரி ஒன்றுதான்.

உங்கள் கடையைப் பொறுத்தவரை, மாதச் சாமான் லிஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தறிக்காரர் வீட்டுக்கு வாரக் கூலி வரும்வரை கடன் கொடுப்பது நீங்கள்தான். காலையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கால் கிலோ வேண்டும் என்கிறவர் அதற்காக டிராலி தேடிப் போக மாட்டார். உங்கள் கடை முதலுக்கு வருடம் என்ன கிடைக்கிறது என்று மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். உங்கள் உழைப்புக்கு ஒரு சம்பளத்தைக் கழித்துவிட்டுப் போட வேண்டும். மிஞ்சுவது 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால், கடையில் போட்ட உங்கள் பணம் டிமார்ட்டில் போட்ட பணத்தைவிட நன்றாகவே உழைக்கிறது.

ராணிப்பேட்டை: டிவிடெண்ட் எவ்வளவு தருகிறார்கள்?

டிவிடெண்ட் என்பது லாபத்தில் பங்குதாரருக்குத் தருகிற தொகை. பங்குச் சந்தையில் பட்டியலானதிலிருந்து டிமார்ட் அதைத் தரவில்லை. லாபமெல்லாம் புதிய கடைக்குப் போகிறது. வருடா வருடம் கைக்குப் பணம் வர வேண்டும் என்றால் இது உங்களுக்கான பங்கு இல்லை.

வாணியம்பாடி: ரிலையன்ஸ் ரீடெயில்தான் நாட்டிலேயே பெரியது என்கிறார்கள். அதை வாங்க முடியுமா?

அது தனியாகச் சந்தையில் பட்டியலாகவில்லை. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வாங்கினால் சுத்திகரிப்பு ஆலையும் ஜியோவும் சேர்ந்துதான் வரும். பட்டியலாகாத பங்கை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள், திரும்ப விற்க ஆள் கிடைப்பது கஷ்டம். 2024 டிசம்பரில் 78 ரூபாய் வெளியீட்டு விலையில் வந்த விஷால் மெகா மார்ட்டைப் பார்க்கலாம். ஆனால் அதில் துணிதான் பெரிய பங்கு. மளிகைக் கடையை எடை போடுகிற தராசில் அதைப் போடாதீர்கள்.

வேலூர், பொறியியல் மாணவர்: அமெரிக்காவின் காஸ்ட்கோவும் இதே மாதிரிதானா?

வெளித்தோற்றத்தில் ஒன்றுதான். ஆனால் காஸ்ட்கோ சரக்கில் மிகக் குறைந்த லாபம் வைத்து, உறுப்பினர் சந்தாவில் பெரும்பகுதி லாபத்தை எடுக்கிறது. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பிக்கிறார்கள் என்பதை. இந்த வயதில் பங்கு வாங்காவிட்டாலும் இரண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் தம்பி.

அரக்கோணம்: ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பங்கு ஆறு மாதத்தில் இரட்டிக்கும் என்று சொல்லி, அவர்களே வாங்கித் தருவதாகப் பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் நம் வேலூர், காட்பாடிப் பக்கத்தில் மாத வட்டி ஆசையில் எத்தனை குடும்பம் வீட்டை அடகு வைத்துப் பணத்தைத் தொலைத்தது என்று உங்களுக்கே தெரியும். பங்கு உங்கள் பெயரில், உங்கள் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு), உங்கள் வங்கிப் பணத்தில் மட்டும்தான் வாங்கப்பட வேண்டும். ஆலோசனை சொல்கிறவருக்கு செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று செபி இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

பள்ளிகொண்டா: சீட்டு எடுத்த மூன்று லட்சம் கையில் இருக்கிறது. இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம். அதுவரை ஒரு நல்ல சூப்பர் மார்க்கெட் பங்கில் போட்டு வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. மேலே சத்துவாச்சாரி ஆசிரியருக்கு எழுதியதைப் படியுங்கள். நல்ல கம்பெனியில்தான் போட்டார், நாலு வருடம் ஆகியும் போட்ட முதல் திரும்பவில்லை. கல்யாண மண்டபத்துக்காரர் அதுவரை பொறுக்க மாட்டார். பாதியை ஒரு வருட டெபாசிட்டிலும், மீதியைக் கல்யாணத் தேதிக்கு இரண்டு மாதம் முன் முதிர்கிற மாதிரி இன்னொரு டெபாசிட்டிலும் போடுங்கள். நகை எடுக்க நினைத்திருந்தால் முதல் டெபாசிட் முதிர்கிற மாதத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.