கல்யாண சிடி எத்தனை வருஷம் தாங்கும்? கேள்வி பதில்

பழைய கேசட், சிடி, டிவிடி எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றித் தருவதுதான் பதினாறு வருஷமாக என் பிழைப்பு. சிடி கெட்டுப்போவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 2004-ல் எங்கள் கல்யாணம். வீடியோக்காரர் மூன்று விசிடி கொடுத்தார். பீரோவை விட்டு வெளியே எடுத்ததே நாலைந்து தடவைதான், ஒரு கீறல் இல்லை. இப்போது போட்டால் சரியாக முகூர்த்தம் வரும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. சும்மா இருந்த சிடி எப்படிக் கெடும்?

சும்மா இருந்தாலும் கெடும். கடையில் வாங்கும் பாட்டு சிடியும் உங்கள் கல்யாண சிடியும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு சமாச்சாரம். கம்பெனியில் அச்சடித்த சிடியில் தகவல் என்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் பதிந்த நுண்ணிய பள்ளங்கள். அதன் மேல் அலுமினியப் பூச்சு, அதற்கும் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு மெல்லிய படலம். வீடியோக்காரர் எழுதிக் கொடுத்தது சிடி-ஆர். அதில் அப்படிப் பள்ளங்கள் கிடையாது, ஒரு சாயப் பூச்சு இருக்கும். எழுதும் லேசர் அந்தச் சாயத்தை அங்கங்கே சூடாக்கி மாற்றிவிடுகிறது. மாறிய இடம், மாறாத இடம், இந்த வித்தியாசம்தான் உங்கள் கல்யாணம்.

சாயம் என்றால் சாயம்தான். கொடியில் காயும் சேலை வெளுப்பதைப் போல இதுவும் போகும். வெளிச்சம் முதல் எதிரி, சூடும் ஈரமும் அடுத்து. பீரோவுக்குள் வெளிச்சம் இல்லை, சரி. ஆனால் அது மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் மேற்குச் சுவரை ஒட்டி நின்றால், இருபது சித்திரை வெயிலும் உள்ளே இறங்கியிருக்கும்.

சிடியைத் திருப்பி அடிப்பக்க நிறத்தைப் பாருங்கள். நல்ல கருநீலம் என்றால் அசோ வகைச் சாயம். பச்சை கலந்த நீலம் என்றால் பெரும்பாலும் சயனின். நிறமே இல்லாத மாதிரி, உள்ளே இருக்கும் உலோகத்தின் நிறமே தெரிந்தால் தாலோசயனின். தாலோசயனின் சாயத்தோடு தங்கப் பூச்சும் இருந்தால் 100 வருஷத்துக்கு மேல், அசோ அல்லது சயனின் சாயத்தோடு வெள்ளிப் பூச்சு என்றால் 20 முதல் 50 வருஷம் என்று கனடாவில் அருங்காட்சியகப் பொருள்களைப் பேணிக் காக்கும் நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதெல்லாம் ஒழுங்காகத் தயாரித்து, ஒழுங்காக எழுதி, ஒழுங்காக வைத்திருந்த சிடிக்கு. பெயர் தெரியாத மலிவுச் சிடிகள் ஐந்தே வருஷத்தில் கண்ணை மூடி நான் பார்த்திருக்கிறேன்.

அது ஏன் சரியாக முகூர்த்தத்தில்? சிடி உள்வட்டத்திலிருந்து வெளியே எழுதப்படுவது. கைபடுவது, ஈரம் ஏறுவது, எழுதும்போது தடுமாறுவது எல்லாம் வெளி விளிம்பில்தான் அதிகம். அந்தச் சிடியின் கடைசிப் பகுதியில் முகூர்த்தம் இருந்திருக்கும்.

கேள்வி: போன பொங்கலுக்கு ஓடிய டிவிடி இந்தப் பொங்கலுக்கு ஓடவில்லை. ஒரே வருஷத்திலா கெட்டுப்போகும்?

இல்லை. பல வருஷமாகக் கெட்டுக்கொண்டிருந்தது, உங்களுக்குத் தெரியவில்லை. கேசட்டில் இரைச்சல் கூடும், குரல் மங்கும், அதுவே எச்சரிக்கை. டிஸ்கில் அப்படி இல்லை. பிழை திருத்தும் குறியீடுகளும் தகவலோடு சேர்த்தே எழுதப்பட்டிருப்பதால், தப்பாகப் படித்ததை பிளேயரே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்கிறது. சிடியில் வினாடிக்கு 220 பிழைத் தொகுதிகள் வரை தரக்கட்டுப்பாடே அனுமதிக்கிறது. தடத்தின் நெடுக 2.5 மி.மீ. தகவல் போயிருந்தால்கூட முழுசாக மீட்டுவிடும். உத்திரத்தைக் கரையான் தின்பது போலத்தான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஒருநாள் மொத்தமாக இறங்கும்.

விசிடியில் இன்னொரு பலவீனம் உண்டு. டேட்டா சிடியில் ஒவ்வொரு துண்டிலும் 2048 பைட் தகவல், அதோடு கூடுதலாக ஒரு திருத்தக் குறியீடு. விசிடியில் படத்துக்கு இடம் வேண்டும் என்று அந்தக் கூடுதல் குறியீட்டை எடுத்துவிட்டு 2324 பைட் அடைத்தார்கள். அதனால் அதே அளவு கெட்ட டேட்டா சிடி பிழைத்துக்கொள்ளும், விசிடி பிழைக்காது.

கேள்வி: அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது, படம் போட்ட மேல்பக்கத்தில்தான் கீறல். பரவாயில்லைதானே?

எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது. சிடியின் கனம் 1.2 மி.மீ. தகவல் இருப்பது மேல்பக்கத்தில், லேபிளுக்கு நேர் கீழே. காப்பு அந்த மெல்லிய படலம் மட்டும்தான். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், மேல்பக்கக் கீறலில் தகவலே உரிந்துபோய்விடும்.

ஒருமுறை ஒரு பெரியவர் மகள் கல்யாண சிடியைக் கொண்டுவந்தார். மேலே மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒரு ஓரத்தில் கிளம்பியிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று உரித்திருக்கிறார். ஸ்டிக்கரோடு வெள்ளிப் பூச்சும் வந்துவிட்டது. சிடியைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் என் கடை காலண்டர் தெரிந்தது. ஸ்டிக்கர் கிளம்பியிருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள், அப்படியே காப்பி எடுங்கள்.

டிவிடி வேறு மாதிரி. 0.6 மி.மீ. தட்டுகள் இரண்டை ஒட்டி, நடுவில் தகவலை வைத்திருக்கிறார்கள். மேல்பக்கக் கீறல் அவ்வளவு பாதிக்காது, ஆனால் ஒட்டிய பசை விட்டால் கதை முடிந்தது. ப்ளூ-ரேயில் அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்திலேயே தகவல், அதனால்தான் கெட்டியான பூச்சு போட்டு வருகிறது.

கேள்வி: கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடிகூடக் கெடுமா? ஒன்று செம்பு நிறமாக மாறியிருக்கிறது.

கெடும், ஆனால் அபூர்வம். பெரும்பாலும் தயாரிப்பில் நடந்த கோளாறுதான் காரணமாக இருக்கும். செம்பு நிறம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் இருந்த பிடிஓ ஆலை. 1988 முதல் 1993 வரை அங்கே அச்சான சிடிகளில் நிறைய விளிம்பிலிருந்து பழுத்துப் பழுப்பேறின. மேலே பூசிய படலம், சிடியோடு வைத்த காகிதத்தில் இருந்த கந்தகத்தைத் தாங்கவில்லை. டிவிடியிலும் நடந்தது. 2006-க்கும் 2008-க்கும் இடையில் தயாரான தன் டிவிடிகள் சிலவற்றில் கோளாறு உண்டு என்று வார்னர் பிரதர்ஸ் 2025-ல் ஒப்புக்கொண்டது.

உங்கள் சிடியை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்திய மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் உலோகப் பூச்சு அரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றிரண்டு புள்ளி தயாரிப்பிலேயே இருந்திருக்கலாம், பயப்பட வேண்டாம்.

கேள்வி: மோசர் பேர் கம்பெனி விற்ற சினிமா டிஸ்குகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவை?

படத்தோடு விற்றவை அச்சடித்தவை, சாயம் கிடையாது. நீங்கள் எழுதிய காலி டிஸ்குகளைப் பற்றி முதலில் கவலைப்படுங்கள்.

கேள்வி: பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைக்கலாமா? ஃபிரிட்ஜில் வைத்தால் நல்லது என்கிறார்களே?

இரண்டும் வேண்டாம். பாச்சை உருண்டையின் ஆவி சிடி டப்பா செய்யும் பாலிஸ்டைரீனையே இளக்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வேர்க்கும், அந்த ஈரம் விளிம்பு வழியாக உள்ளே போகும். 20 டிகிரிக்குள், ஈரப்பதம் 20-லிருந்து 50 சதவீதம் என்பதுதான் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தின் பரிந்துரை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏசி இல்லாமல் இது நடக்காது, எனக்கும் தெரியும். முடிந்தவரை வீட்டின் நடு அறையில், இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு, தட்டையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஆல்பம் மாதிரி இருக்கும் பிவிசி பைகள் சூட்டில் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றிலிருந்து முதலில் வெளியே எடுங்கள்.

கேள்வி: பற்பசை போட்டுத் தேய்த்தால் ஓடுகிறது. செய்யலாமா?

லேசான அடிப்பக்கக் கீறலுக்கு, சிடி, டிவிடி என்றால் சில சமயம் பலிக்கும். ப்ளூ-ரேயில் கூடவே கூடாது. எதைத் துடைத்தாலும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக, வட்டமாகச் சுற்றாமல். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் பால் மாதிரி வெளுத்துவிடும்.

கேள்வி: ஆயிரம் வருஷம் வரும் எம்-டிஸ்க் வாங்கலாமா?

ஆயிரம் என்பது தயாரித்தவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் அதில் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் பூச்சு என்பது உண்மை, நல்ல சரக்கு. சாதாரண ப்ளூ-ரே வாங்கினால் எல்டிஎச் (LTH) என்று போட்ட வகையைத் தவிருங்கள், அது மறுபடி சாயம்தான். என் கவலை வேறு. எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது, புது லேப்டாப்பில் டிரைவே வருவதில்லை. டிஸ்க் இருக்கும், போட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று வேறு வீட்டில். நான் செய்வது இதுதான்.

கேள்வி: கெட்ட டிஸ்கிலிருந்து நானே எடுத்துப் பார்க்கலாமா?

தாராளமாக. முதலில் வேறு டிரைவில் போடுங்கள். என்னிடம் வரும் 'செத்த' டிஸ்குகளில் பாதி, லென்ஸ் அழுக்கான டிரைவின் குற்றம்தான். விண்டோஸில் இழுத்துப் போட்டு காப்பி எடுக்காதீர்கள், ஒரு பிழை வந்தால் மொத்தத்தையும் கைவிட்டுவிடும். டிவிடிக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற புரோகிராம், நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட இடத்துக்குத் திரும்ப வரும். விசிடிக்கு ஐசோபஸ்டர் (IsoBuster) என்ற புரோகிராம். ஒரு டிரைவ் விட்டதை இன்னொரு டிரைவ் படிக்கும், மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: நடுத்துளை ஓரத்தில் சின்ன விரிசல். ஒருமுறை மட்டும் போட்டுப் பார்க்கவா?

கம்ப்யூட்டரில் போடாதீர்கள். 52 எக்ஸ் வேக டிரைவ் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். நான் ஒருமுறை துணிந்து போட்டேன், பட்டாசு மாதிரி ஒரு சத்தம். டிரைவைப் பிரித்துக் கவிழ்த்தபோது மேஜை முழுக்க வெள்ளித் துகள்.