விசிறி யார் கையில்?

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு மூன்று வருடங்களாக அவனுக்குத்தான் முதல் பரிசு. லூக்கா 10-ஆம் அதிகாரத்து நல்ல சமாரியன் கதையை ஒரு சொல் பிசகாமல் சொல்வான். ஆனால் மனதில் இரக்கம் என்பதே இல்லை. போன மாதம், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தலாவிலிருந்து படகேறி ஆலயத்துக்கு வருகிற ஒரு குடும்பத்துப் பையனை இவன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். "வாடை அடிக்கிறது" என்று எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அந்தப் பையனின் தாய் காதிலேயே விழுந்துவிட்டது. நான் தலைநிமிர முடியாமல் நின்றேன். வளர்ப்பில் நான் குறை வைக்கவில்லை. இரவில் கரண்ட் போனால் அவனுக்குத் தூக்கம் வராது. வேலைக்கு நிற்கிற பெண் (13 வயது, ஊர் ஐராவதி டெல்டாவில் போகலே பக்கம்) விசிறிவிடுவாள். அந்த நேரத்தையும் வீணாக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வேதக் கதைகள் சொல்லிக்கொடுக்கிறேன். "ஆண் பிள்ளை, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார் கணவர். மாமியாரும் அப்படியே. அவனுக்கு இரக்கம் பிறக்க இன்னும் எந்தக் கதைகளைச் சொல்லட்டும்?
— ஒரு தாய், ரங்கூன்

பதில்: கரண்ட் எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறது, அம்மா?

அதை நீங்கள் எழுதவில்லை. பையன் வாங்கிய பரிசு, படித்த அதிகாரம், உங்களுக்கு நேர்ந்த தலைகுனிவு எல்லாம் கடிதத்தில் இருக்கின்றன. விசிறியை மட்டும், வீட்டில் ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கிறது என்பதுபோல, போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பிள்ளைக்கு இரக்கமில்லை என்று புலம்பி எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. எல்லாத் தாய்மாரும் கேட்கிற மருந்து ஒன்றுதான்: இன்னொரு கதை, இன்னொரு வசனம். "கவலைப்படாதீர்கள், வயது அப்படி" என்று நான் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கவலைப்படுங்கள். கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

ரங்கூன் வீடுகளை நான் அறிவேன். வெயில் காலம், மழை இன்னும் இறங்கவில்லை, முறை வைத்துக் கரண்ட் விடுகிறார்கள். கொசுவலைக்குள்ளே நீங்களும் பிள்ளையும். அவள் வலைக்கு வெளியே, தரையில், ஒரு காலை மடித்து உட்கார்ந்திருப்பாள். வலையைத் தாண்டிக் காற்று உள்ளே போகவேண்டுமானால் பனையோலை விசிறியை ஓங்கி வீசவேண்டும். கால் மணி நேரத்தில் மணிக்கட்டு இறுகிவிடும். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவாள். உள்ளே நுழைய வழியில்லாத கொசுக்களெல்லாம் அவள் காலைப் பிடுங்கும். அடிப்பதற்கு அவளுக்குக் கை ஒழியாது. ஒருமுறை தலை தொங்கும், விசிறி நின்றுபோகும். உங்கள் மகன் கண்ணைத் திறக்காமலே "ம்ம்" என்று முனகுவான். விசிறி மறுபடி அசையும். இது என் ஊகம்தான். தவறென்றால் எழுதுங்கள், அடுத்த இதழிலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்த நேரத்தில்தான் நீங்கள், எரிகோவுக்குப் போகிற வழியில் குற்றுயிராய்க் கிடந்த மனிதனைப் பற்றி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிள்ளை இரண்டையும் படித்துக்கொண்டான். கதை காதில் விழுந்தது, காற்று உடம்பில் பட்டது. தன் உடம்பு வேர்க்காமலிருக்க இன்னொரு உடம்பு வேர்த்தாக வேண்டும், அதை யாரும் கவனிக்கத் தேவையில்லை என்பது அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. ஆலயத்தில் அவன் எழுந்துபோனது உங்கள் இரவுப் பாடத்தின் பரீட்சை. அதிலும் முதல் மார்க் வாங்கிவிட்டான்.

என் தாத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து, மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பலேறியவர். அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். முதுகு போனபிறகு ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பங்கா இழுக்கிற வேலைக்குப் போனார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பங்கா தெரியாது. கூரையிலிருந்து தொங்குகிற பெரிய துணி விசிறி அது. அதன் கயிறு சுவர்த்துளை வழியாக வெளியே வரும், வராந்தாவில் உட்கார்ந்து ஓர் ஆள் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். கை ஓய்ந்தால் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு படுத்தபடி இழுப்பாராம். அந்த விரல் கடைசிவரை கோணலாகத்தான் இருந்தது. துரை பக்திமான். தினமும் இரவில் குடும்பத்தோடு மண்டியிட்டு ஜெபிப்பார். ஜெபம் நடக்கும்போதும் பங்கா நிற்கக்கூடாது. பரமண்டல ஜெபத்தை என் தாத்தா இங்கிலீஷில் முழுவதும் சொல்வார், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல். சுவர்த்துளை வழியே கேட்டுக் கேட்டு வந்த மனப்பாடம். எங்களுக்கு அதைச் சொல்லிக்காட்டும்போது அவருடைய கால் தானாக ஆடும்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் இதற்குள் சமாரியன் கதை மனப்பாடமாகியிருக்கும். தமிழ் புரியாது என்று நினைக்காதீர்கள். விசிறச் சொன்னால் புரிகிற தமிழ்தானே.

கதையையே எடுத்துக்கொள்வோம், உங்கள் பையன் அதில் தேர்ந்தவன் ஆயிற்றே. விலகிப்போன ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் வேதம் தெரியாதா? ஓய்வுநாள் பள்ளியில் பரிசு கொடுத்திருந்தால் இருவருமே வாங்கியிருப்பார்கள். சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்தான், திராட்சரசம் வார்த்தான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான்; இதெல்லாம் எல்லாப் போதகரும் பிரசங்கத்தில் சொல்வதுதான். அடிபட்டவனைத் தன் சுயவாகனத்தின்மேல் ஏற்றினான் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. அப்படியானால் அவன் சத்திரம்வரைக்கும் எப்படிப் போனான்? நடந்துதான் போயிருப்பான். இதை உங்கள் மகனிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றும் கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பத்துக் கட்டளையில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் எப்படி வருகிறது என்று எடுத்துப் பாருங்கள். உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறவேண்டும் என்று அங்கே இருக்கிறது. "உன்னைப்போல" என்ற சொல்லை நான் சேர்க்கவில்லை. அடுத்த வசனமே, நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே என்கிறது. நமக்கு எகிப்து வரைக்கும் போக வேண்டியதில்லை. பர்மாத் தமிழர் வீடுகளில் பழைய ஆட்களைக் கிளறினால், துறைமுகத்திலோ அரிசி ஆலையிலோ முதுகில் மூட்டை சுமந்த ஒருவர் பெரும்பாலும் வந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆலயத்துக்குப் போகும்போது அவள் எங்கே இருக்கிறாள்? மதியச் சமையலில்தானே?

சோறு போடுகிறோம், துணி எடுத்துக் கொடுக்கிறோம், அவள் வீட்டில் அதற்கும் வழியில்லை என்பீர்கள். இருக்கலாம். 2008 மே மாத நர்கிஸ் புயலுக்குப் பிறகு போகலே பக்கத்து வீடுகள் எப்படிக் கிடந்தன என்று எனக்கும் தெரியும். ஆனால் 13 வயது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2019-இல் வந்த சிறார் உரிமைச் சட்டம் 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது. சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டுவது என் நோக்கமில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நாளைக்கே அவளை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டு "அம்மா சொன்னபடி செய்துவிட்டேன்" என்று எழுதாதீர்கள். அது பிலாத்து கைகழுவிய கதையாகிவிடும். அவளைப் பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். உங்களோடுதான் இருக்கப்போகிறாள் என்றால் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும், பகலில் பள்ளிக்கூடம் போகட்டும். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கற்பிக்கிற புத்த மடத்துப் பள்ளிகள் ரங்கூனில் இருக்கின்றன. "மடத்துப் பள்ளியா?" என்று முகம் சுளிக்காதீர்கள். கிறிஸ்தவ வீட்டில் விசிறிக்கொண்டிருப்பதைவிட மடத்தில் எழுத்துக் கற்பது அவள் ஆத்துமாவுக்குக் கெடுதல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் ஒரு பர்மியத் தாய், காலையில் பிக்குகள் வரிசையாக வரும்போது, நான்கு வயது மகளை இடுப்பிலிருந்து இறக்கி அகப்பையை அவள் கையில் கொடுப்பாள். பிள்ளை சோற்றைப் பாதி சிந்தும், பாதியைப் பாத்திரத்தில் போடும். தாய் அகப்பையைப் பிடுங்கித் தானே போட்டு முடிக்கமாட்டாள். சிந்தியதைப் பிறகு பொறுக்கிக்கொள்வாள். தெருமுனைத் தண்ணீர்ப் பானையில் நீர் நிரப்புவதும் அந்தப் பிள்ளையின் வேலைதான். (இவர்களை நான் தேவதூதர்கள் ஆக்கவில்லை. பத்து வயதுப் பையன்கள் தேநீர்க் கடையில் தட்டுத் தூக்குவதும் இதே ஊரில்தான்.) நம் வீடுகளில் பிள்ளையிடம் காணிக்கைப் பையில் போட ஒரு நோட்டைத் திணிக்கிறோம். அவன் சம்பாதித்ததும் இல்லை, அவனுக்குக் குறைவதும் இல்லை. நோட்டு பைக்குள் விழுகிறது, அவ்வளவுதான்.

இன்று இரவு செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கரண்ட் போனதும் அந்தப் பெண்ணைத் தூங்க அனுப்புங்கள். அவளுக்கும் ஒரு கொசுவலை கட்டுங்கள். விசிறியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கதை வேண்டாம், வசனம் வேண்டாம். அரை மணி நேரம் கழித்து விசிறியை மகன் கையில் கொடுத்துப் பாட்டிக்கு வீசச் சொல்லுங்கள். கை வலிக்கிறது என்பான். வலிக்கட்டும். மாமியார் "ஐயோ, குழந்தை!" என்று எழுந்து உட்கார்ந்தால் அவரைப் படுக்கச் சொல்லுங்கள். சார்ஜ் போடுகிற சின்ன மின்விசிறி கடைகளில் விற்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை நாள் ஏன் வாங்கவில்லை என்று மட்டும் யோசியுங்கள். அது பேட்டரி தீர்ந்தால் நின்றுவிடும், அவள் நிற்கமாட்டாள், அதனால்தானே?

உங்கள் கணவரின் "ஆண் பிள்ளை" வாதத்துக்கு நான் இடம் ஒதுக்கப்போவதில்லை. அவரும் ஒரு முறை விசிறட்டும்.

கதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒன்று தருகிறேன். 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம். சீரியர் கொள்ளையடிக்கப் போன இடத்தில் பிடித்துவந்த ஒரு சிறு பெண், நாகமானின் மனைவிக்கு வேலைக்காரியாக இருக்கிறாள். தன்னைச் சிறைபிடித்த வீட்டு எஜமானுக்குக் குஷ்டம் என்றதும், சமாரியாவிலிருக்கும் தீர்க்கதரிசியிடம் போனால் குணமாகுமே என்று முதலில் வாய்திறந்தவள் அவள்தான். படைத்தலைவன் குணமானான். அந்தப் பெண் ஊர் திரும்பினாளா என்பதைப் பற்றி அதிகாரத்தில் ஒரு வார்த்தை இல்லை. இதைப் படுக்கையில் சொல்லாதீர்கள். பகலில், சாப்பாட்டு நேரத்தில், உங்கள் வீட்டுப் பெண்ணும் கூட உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்லுங்கள். அவள் அப்பா வீட்டுக்குப் போனாளா என்று பையன் கேட்டால், அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடுங்கள்.

கடைசியாகத் தலாக் குடும்பம். வாடை அடித்ததாம்! விடியலில் எழுந்து, ஆட்களை நெருக்கி ஏற்றிய படகில் நின்றுகொண்டே ஆற்றைக் கடந்து, பான்சோடான் துறையில் இறங்கி, வெயிலில் ஆலயம்வரை நடந்துவருகிறவனுக்கு வேர்வை வாடை அடிக்காமல் பன்னீர் வாடையா அடிக்கும்? அந்தத் தாய் மறுபடியும் ஞாயிறன்று வந்தாளா என்று கவனித்தீர்களா? வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு படகேறி அவர்கள் வீட்டுக்குப் போங்கள். காரும் வேண்டாம், பழைய துணி மூட்டையும் வேண்டாம். தரையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், கொடுக்கிற தேநீரை மிச்சம் வைக்காமல் குடியுங்கள். மன்னிப்பை நீங்கள் முதலில் கேளுங்கள், பிறகு அவன் கேட்கட்டும். திரும்பி வரும்போது உங்கள் மேலும் கொஞ்சம் வாடை அடிக்கும்.

அடுத்த கடிதத்தில் மகனைப் பற்றி எழுதவேண்டாம். அந்தப் பெண் எந்த வகுப்பில் சேர்ந்தாள் என்று எழுதுங்கள். பெயரையும் சேர்த்து.