ஜாக் கைகர் யார்? சமுதாய சுகாதார மையங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

சமுதாய சுகாதார மையம் என்பது, ஒரு பகுதியில் வாழும் மக்களுக்கு அவர்களுடைய வருமானத்தைப் பாராமல் மருத்துவம் அளிப்பதோடு, அவர்களை நோயில் தள்ளும் சூழலையும் மாற்ற முயலும் நிலையமாகும். அமெரிக்காவில் இதற்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் மருத்துவர் ஜாக் கைகர் (1925–2020).

மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்காவில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியரிடம் கற்ற இந்த முறையை, 1965-இல் கவுண்ட் கிப்சன் என்ற மருத்துவருடன் இணைந்து பாஸ்டனிலும், பின்னர் மிசிசிப்பியின் மவுண்ட் பேயுவிலும் அவர் நடைமுறைப்படுத்தினார். மவுண்ட் பேயுவில் பசியால் வாடிய குழந்தைகளுக்கு அவருடைய குழுவினர் மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்து, கடைக்காரர்களுக்கான தொகையை மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து செலுத்தினர். அதற்கு ஆட்சேபம் எழுந்தபோது, ஊட்டக்குறைவுக்கு மருத்துவ நூல்கள் கூறும் சிகிச்சை உணவுதான் என்று அவர் விடையளித்தார். அவருடைய பணியின் சாரம் முழுவதும் இந்த விடையில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன். கூரை ஒழுகும் வீட்டில் தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் ஈரம் போகாது அல்லவா? கிணறு, கழிப்பறை, கூட்டுறவுப் பண்ணை ஆகியவற்றை அந்த மையம் முன்னெடுத்ததும் அதனால்தான்.

இத்தகைய மையங்கள் இலவசத் தரும மருத்துவமனைகள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வருமானத்துக்கேற்பக் கட்டணம் பெறப்படுகிறது என்பதுடன், நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெறுபவர்களாகவே இருக்க வேண்டும் என்பது பொது விதியாகும்.