உப்புத் தரையில் ஒரு விரல் உயரச் செடி

எங்கள் உப்பளத்து வரப்பில் உமரியைத் தவிர வேறு எதுவும் தலைகாட்டாது. பாலைவன உப்பு ஏரிகளைச் சுற்றி அரிய செடிகள் இருக்கின்றன, அவற்றைக் காக்கச் சட்டம்கூட இருக்கிறது என்று படித்தேன். உண்மைதானா?
வாசகி, தூத்துக்குடி

உண்மைதான். நீங்கள் உமரியைச் சொன்னதால் எனக்கு விளக்குவது சுலபம். அதை ஒடித்து நாக்கில் வைத்துப் பார்த்திருப்பீர்கள், உப்புக் கரிக்கும். மண்ணிலிருக்கும் உப்பை உள்ளே வாங்கி, சதைப்பற்றான உடம்பில் தண்ணீரோடு சேர்த்து வைத்துக்கொண்டு பிழைக்கிற செடி அது. அதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் அமெரிக்காவில், நெவாடாவும் கலிபோர்னியாவும் சேரும் எல்லையில், டெத் வேலி என்கிற மரணப் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே இருக்கிறது. அமர்கோசா நைட்டர்வர்ட் என்று பெயர். உமரி, நாம் கடையும் முளைக்கீரை, இந்தச் செடி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம்.

ஒரு விரல் உயரம்தான் இருக்கும். உப்புப் பொருக்கு படிந்து வெள்ளை வெளேரென்று கிடக்கும் களிமண் தரையில், பளிச்சென்ற பச்சையில், குட்டிக் குட்டி இலைகள் தண்டை ஒட்டி நெருக்கமாக அடுக்கியிருக்கும். பூ என்று தேடினால் இலைக் கக்கத்தில் குனிந்துதான் பார்க்க வேண்டும், அதிலும் தனியாக இதழ் கிடையாது. கார்சன் ஸ்லூ என்ற சதுப்பும், அங்கிருந்து தெற்கே டெக்கோபா பக்கம் வரை ஆங்காங்கே உள்ள உப்புத் தரைகளும்தான் அதன் மொத்த உலகம். 1985ல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. அதே ஆண்டில், கார்சன் ஸ்லூ இருக்கும் ஆஷ் மெடோஸ் என்ற ஊற்றுப் பகுதியின் செடிகள் இன்னும் ஆறு, ஆபத்தை நெருங்கும் இனங்களாகப் பட்டியலில் ஏறின.

இத்தனை சின்ன இடம்தானே, சுற்றி வேலி அடைத்துக் காவல் போட்டால் தீர்ந்தது. அது போதாதா?
வாசகர், திண்டுக்கல்

போதாது. வேலி வேண்டும்தான், ஏனென்றால் இந்தத் தரையில் ஒரு ஜீப் ஒரே ஒரு முறை ஓடினாலும் பொருக்கு உடைந்து சக்கரத் தடம் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், அப்புறம் பெய்கிற கொஞ்ச மழையும் அந்தத் தடத்தில் இறங்கி வேறு பக்கம் ஓடிவிடும். ஆஷ் மெடோஸில் ஊற்றுகளைப் பார்க்க வருகிறவர்கள் மண்ணை மிதிக்காமல் நடப்பதற்கென்றே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள்.

ஆனால் செடியின் உயிர் இருப்பது கீழே. சுண்ணாம்புப் பாறைக்குள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஊர்ந்து வந்த நீர் அங்கே ஊற்றாக மேலே வருகிறது, அந்த நிலத்தடி ஈரம்தான் உப்புத் தரையின் அடியை வறண்டுபோகாமல் வைத்திருக்கிறது. எங்கோ தள்ளி ஒருவர் போர் போட்டு இழுத்தால் வேலிக்குள் இருக்கும் செடி காயும். பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்கினால் நம் கிணற்றில் கயிறு எட்டாமல் போவதைப் பார்த்த திண்டுக்கல்காரருக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கேயும் அதுதான் நடந்தது. 1960களில் கார்சன் ஸ்லூவின் தண்ணீரை வடித்துவிட்டு மக்கிய மண்ணை வெட்டி விற்றார்கள். அடுத்து ஒரு பண்ணை வந்து மோட்டார் வைத்து நீர் இறைத்ததில், டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக் குழியில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. உலகத்தில் இயற்கையாக அந்த ஒரு குழியில் மட்டும் வாழும் பப்ஃபிஷ் என்ற சின்ன மீனுக்காக வழக்கு நடந்து, 1976ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மீனுக்குத் தேவையான மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கும்படி இறைக்கக் கூடாது என்ற தடையை உறுதி செய்தது. வழக்கில் செடிகளின் பெயரே இல்லை, ஆனாலும் அந்தத் தீர்ப்பு செடிகளையும் சேர்த்துக் காப்பாற்றியது என்றே நான் நினைக்கிறேன். 1980களின் தொடக்கத்தில் அதே நிலத்தை ஆயிரக்கணக்கான வீட்டுமனைகளாகப் போட ஒரு நிறுவனம் வாங்கியது. நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை விலைக்கு வாங்கி அரசிடம் ஒப்படைத்ததால்தான் 1984ல் ஆஷ் மெடோஸ் தேசியக் காட்டுயிர்ப் புகலிடம் பிறந்தது.

விதையை எடுத்து வேறு இடத்தில் வளர்க்கலாமே?
வாசகி, நாமக்கல்

விதையைச் சேமிப்பது நல்ல காப்பு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நைட்டர்வர்ட் மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளால் பரவுகிற செடி, அதோடு அந்தக் களிமண், அந்த உப்பு, அடியிலிருந்து கசிந்து ஏறும் அந்த ஈரம் மூன்றையும் ஒரு தொட்டியில் கொண்டுவர முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு ஆறாத விஷயம் இது: அமெரிக்கச் சட்டப்படி பட்டியலில் உள்ள ஒரு விலங்கைத் தனியார் நிலத்தில் கொன்றாலும் குற்றம், செடி என்றால் அப்படி இல்லை. தன் சொந்த நிலத்தில் ஒருவர் அதைப் பிடுங்கிப் போட்டால், மாநிலச் சட்டம் தடுத்தாலொழிய, மத்தியச் சட்டம் கேட்காது. அதனால்தான் அங்கே நிலத்தை விலைக்கு வாங்கியது அவ்வளவு முக்கியமாகிறது.

மருந்துக்கும் ஆகாத, விறகுக்கும் ஆகாத இத்தனூண்டு செடிக்காக லித்தியம் எடுப்பதைத் தடுத்தார்களாமே? பேட்டரி இல்லாமல் மின்சார வண்டி எப்படி ஓடும்?
வாசகர், ஓசூர்

நியாயமான கேள்வி. உப்பு ஏரிகளும் பழைய ஏரிப்படுகைகளும் லித்தியம் சேரும் இடங்கள், அதனால் இந்த மோதல் இனிமேலும் வரும். 2023ல் ஆஷ் மெடோஸ் புகலிடத்துக்கு மிக அருகில் லித்தியம் தேடித் துளையிட ஒரு நிறுவனத்துக்கு வழி கிடைத்தது. இரண்டு சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போனதும், அனுமதி தந்த நில நிர்வாகத் துறை அதைத் திரும்பப் பெற்றது. பேட்டரியும் வேண்டும், லித்தியமும் வேண்டும், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊற்று நீர் வரும் பாதையில் துளை போட்டு, நீர் வேறு பக்கம் வழி கண்டுபிடித்துவிட்டால் அதைப் பழையபடி திருப்ப யாராலும் முடியாது. அங்கே எதிர்த்தவர்கள் செடிப் பிரியர்கள் மட்டுமில்லை. அமர்கோசா பள்ளத்தாக்கில் வீடு கட்டி வாழ்கிற ஜனங்களும் எதிர்த்தார்கள், அவர்கள் குடிப்பதும் நிலத்தடி நீரைத்தான்.